எல்லைச் செய்தியில் கல்லைக் காணோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு நாடுகளுக்குள் எல்லைத் தகராறு என்றால் செய்திக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வரைபடம் போடுகிறீர்கள். இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் ஒரு நிறம், நடுவில் சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். தகராறு இல்லாத நாட்களில் இணைப்பிதழில் 'உலகின் விசித்திர எல்லைகள்' என்று ஒரு பக்கம் வருகிறது, வீட்டுக்குள் ஓடும் எல்லை, நூலகத்துக்குள் ஓடும் எல்லை என்று நாலு படங்களோடு. இரண்டையும் விடாமல் படிப்பவன் நான், அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். இரண்டிலுமே ஒரு விஷயம் வருவதில்லை. அந்தக் கோடு தரையில் எப்படி இருக்கிறது? கல் இருக்கிறதா, இல்லையா? யார் நட்டார்கள், இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இதைச் சொல்லாமல் எல்லையைப் பற்றி எழுதினால் பாதிச் செய்திதான் வந்ததாக எனக்குப் படுகிறது.

எல்லை என்பது இரண்டு தனி வேலை. முதலில் ஒரு மேசையில் உட்கார்ந்து 'இந்த ஆற்றின் வழியே, அந்த மலை முகட்டின் வழியே' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. அது காகித வேலை. அப்புறம் சர்வேயர்கள் காட்டிலும் சேற்றிலும் நடந்து, அந்த வாக்கியத்தை ஒவ்வொரு இடமாகத் தரையில் தேடிக் கண்டுபிடித்து, கல் நடுவது. முதல் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும், இரண்டாவது பல வருடம் இழுக்கும், சில எல்லைகளில் நூறு வருடமாகியும் முடியவில்லை. நம் செய்திகளிலோ இரண்டையும் 'எல்லை நிர்ணயம்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். கோடு வகுத்தல் என்றும் கல் நடுதல் என்றும் இரண்டாகப் பிரித்து எழுதினாலே பல செய்திகள் சட்டென்று புரிந்துவிடும். பத்திரத்தில் நாலு எல்லை எழுதியிருப்பது வேறு, அளந்து கல் ஊன்றியிருப்பது வேறு என்பது நிலம் வைத்திருக்கும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. நாடுகளுக்கும் அதே கதைதான்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே வரைபடத்தில் நூல் பிடித்தாற்போல ஒரு கோடு இருக்கிறதே, 49-ஆவது அட்சரேகை, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 1818-இல் ராக்கி மலை வரைக்கும், 1846-இல் பசிபிக் கடலோரம் வரைக்கும் என்று ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள். எழுதும்போது சுலபம். பிறகு 1850-களிலும் 1870-களிலும் நில அளவையாளர்கள் போய், இரவில் நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு, 49 எங்கே வருகிறது என்று தேடினார்கள். அதற்குக் கருவி நிமிர்ந்து நிற்க வேண்டும், நிமிர்வு எது என்று சொல்வது தூக்குக்குண்டு போலப் புவியீர்ப்புதான். பக்கத்தில் பெரிய மலை இருந்தால் அதன் கனம் அந்த ஈர்ப்பைத் தன் பக்கம் துளியூண்டு இழுத்துவிடும், அந்தத் துளி தரையில் பல மீட்டர் பிசகாகிவிடும். அப்படியே மண்மேடும் கற்குவியலும் இரும்புத் தூணுமாக வைத்துக்கொண்டு போனார்கள். பிசகு சில இடங்களில் நூறு மீட்டருக்கும் மேல். இன்று செயற்கைக்கோளை வைத்து அளந்தால் எல்லைத் தூண்கள் 49-ஆவது கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்பது தெரிகிறது. சரி, இப்போது எது எல்லை? ஒப்பந்தத்தில் எழுதிய 49-ஆ, நிற்கும் தூணா? தூண்தான். 1925 ஒப்பந்தத்தில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நேர்க்கோடு என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். உலகத்திலேயே நீளமான நேரான எல்லை என்று நாம் எழுதிக்கொண்டிருப்பது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு முறிவுகள் உள்ள கோடு, அந்த முறிவுகளில்தான் பழைய சர்வேயர்களின் உழைப்பு இருக்கிறது.

அந்த எல்லை காட்டுக்குள் போகும் இடங்களில் 6 மீட்டர் அகலத்துக்கு மரங்களை வெட்டி ஒரு சந்து போல வைத்திருக்கிறார்கள். விட்டால் பத்து, இருபது வருடத்தில் காடு மூடிவிடும், அதனால் இரண்டு நாடுகளும் சேர்ந்து நடத்தும் எல்லை ஆணையம் மாறி மாறி வெட்டிக்கொண்டே இருக்கிறது. கிட்டத்தட்ட 8,900 கிலோமீட்டர் எல்லை, எட்டாயிரத்துக்கும் மேல் தூண்கள், சண்டையே இல்லாத இரண்டு நாடுகள், அப்படியிருந்தும் இந்த வேலை நிற்பதில்லை. சண்டை இல்லாததற்கு இந்த வேலையும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு பழைய எல்லைக்கல்லைக் கிட்டப் போய்ப் பார்த்தால் எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று தெரியும். ஒரு முகத்தில் இந்த நாட்டின் எழுத்து, எதிர் முகத்தில் அந்த நாட்டின் எழுத்து, ஒரு வரிசை எண், சிலவற்றில் நட்ட வருடம். கல்லின் தலையில் உளியால் கீறிய ஒரு பள்ளம் இருக்கும், அதுதான் முக்கியம், அது எல்லை எந்தத் திசையிலிருந்து வந்து எந்தத் திசைக்குத் திரும்புகிறது என்று காட்டும். கோடு வளையும் இடத்துக் கல்லில் அந்தக் கீறலும் வளைந்திருக்கும். ஐரோப்பாவின் பல பகுதிகளில் இதற்கும் மேலே ஒரு ஏற்பாடு உண்டு. கல்லை ஊன்றுவதற்கு முன்னால் குழியின் அடியில் உடைந்த ஓடு, கண்ணாடித் துண்டு, கரி, அடையாளம் வைத்துச் சுட்ட களிமண் வில்லை என்று ஏதாவது புதைப்பார்கள். கரி மக்காது, கண்ணாடியும் மக்காது. எதை எப்படி வைத்தோம் என்பது கல் நடுபவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். பின்னாளில் யாராவது இரவோடு இரவாகக் கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டால், மேலே இருப்பதை நகர்த்தலாம், கீழே இருப்பதை அவன் அறிய மாட்டான், தோண்டிப் பார்த்தால் உண்மை வெளியே வந்துவிடும். ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சிலும் அதற்குப் பெயரே 'சாட்சி'தான்.

கல்லை யார் நகர்த்தப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். 2021-இல் பெல்ஜியத்து விவசாயி ஒருவர் தன் டிராக்டருக்கு இடைஞ்சலாக இருந்த ஒரு கல்லை 2.29 மீட்டர் தள்ளி வைத்துவிட்டார். அது 1819-இல் நட்ட பிரான்ஸ் எல்லைக்கல். நெப்போலியன் தோற்ற பிறகு வகுத்த எல்லை, 1820-இல் ஒப்பந்தமாகக் கையெழுத்தானது. காட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்த உள்ளூர் வரலாற்று ஆர்வலர் ஒருவர் கல் இடம் மாறியிருப்பதைக் கவனித்தார். பெல்ஜியம் கொஞ்சம் பெரிதாகி பிரான்ஸ் கொஞ்சம் சிறிதாகிவிட்டது என்று இரண்டு பக்கத்து மேயர்களும் சிரித்துக்கொண்டார்கள். கல்லைத் திருப்பி வைக்காமல் இருந்திருந்தால் 1930-க்குப் பிறகு ஒருமுறைகூடக் கூடியிராத எல்லை ஆணையத்தைக் கூட்ட வேண்டியிருந்திருக்கும். உங்கள் நாளிதழிலும் அது வேடிக்கைச் செய்தியாகத்தான் வந்ததாக ஞாபகம். எனக்கு அதில் பட்டது வேறு: 200 வருடமாக நிற்கும் ஒரு கல்லின் இடத்தைக் கண்ணாலேயே தெரிந்துவைத்திருந்த ஒருவர் இருந்தார், அதனால்தான் பேச்சோடு போயிற்று.

அப்படி யாரும் கல்லே நடாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு கம்போடியா, தாய்லாந்து எல்லையில் இருக்கும் பிரீயா விஹியர் கோயிலைப் பாருங்கள். 1904-இல், அப்போது கம்போடியாவை ஆண்ட பிரெஞ்சு அரசும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) போட்ட ஒப்பந்தம், டாங்ரெக் மலையில் நீர் பிரியும் முகடுதான் எல்லை என்றது. அதாவது மழைத்தண்ணீர் இந்தப் பக்கம் ஓடினால் உன்னுடையது, அந்தப் பக்கம் ஓடினால் என்னுடையது. பிறகு பிரெஞ்சு அதிகாரிகள் வரைபடம் தயாரித்து, பாரிஸில் அச்சடித்து, 1908-இல் கொடுத்தார்கள். அந்தப் படத்தில் கோயில் கம்போடியப் பக்கம் வந்துவிட்டது, ஆனால் மலையில் தண்ணீர் ஓடும் கணக்குப்படி அது தாய்லாந்துப் பக்கம் என்பது தாய்லாந்தின் வாதம். படம் கைக்கு வந்தபோது சயாம் தரப்பு மறுப்பு எதுவும் சொல்லவில்லை. சொல்லாததோடு நிற்காமல், இளவரசர் டம்ராங் நன்றி சொல்லி, மாகாண ஆளுநர்களுக்குக் கொடுக்க இன்னும் 15 பிரதிகள் கேட்டார். 1930-இல் அவரே அந்தக் கோயிலுக்குப் போனபோது பிரெஞ்சு அதிகாரி ஒருவர் கொடியேற்றி வரவேற்றார், அப்போதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. 1962-இல் சர்வதேச நீதிமன்றம் இதையெல்லாம் வரிசையாக எடுத்துவைத்து, 9-க்கு 3 என்ற கணக்கில் கோயில் கம்போடியாவுக்கு என்று தீர்ப்புச் சொன்னது. காகிதம் ஜெயித்தது. ஆனால் அந்த மலையில் கல் இல்லை. அதே எல்லையின் மேற்குப் பகுதியில் பழைய கற்கள் உண்டு, கோயில் இருக்கும் பகுதியில் நீர் பிரியும் முகடுதானே, கண்ணுக்குத் தெரியுமே என்று விட்டுவிட்டார்கள். 2008 முதல் 2011 வரை அங்கே சிப்பாய்கள் செத்தார்கள், 2025-இல் மறுபடியும் அந்த எல்லையில் பீரங்கிகள் சுட்டன, ஊர் ஊராக மக்கள் மூட்டை கட்டினார்கள். உங்கள் செய்தியில் 'பழமையான கோயிலுக்காக மோதல்' என்று தலைப்பு வந்தது. கோயிலுக்காக மட்டும் இல்லை ஐயா, முடிக்காமல் விட்ட ஒரு சர்வே வேலைக்காகவும்தான்.

எத்தியோப்பியா, எரித்ரியா விஷயம் இதைவிட வேதனை. 1998-இல் பட்மே என்ற சின்ன ஊரை ஒட்டி ஆரம்பித்த சண்டை இரண்டு வருடத்தில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. இத்தாலியர் காலத்து 1900, 1902, 1908 ஒப்பந்தங்களைப் படித்து ஒரு ஆணையம் 2002-இல் கோட்டை வகுத்தது, பட்மே எரித்ரியாவுக்கு என்றது. கோடு வந்துவிட்டது, ஆனால் கல் நட ஆட்களை உள்ளே விடவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஆணையம், ஒரு வருடம் கெடு கொடுத்து, 2007 நவம்பரில், இனி இந்த அட்ச, தீர்க்க ரேகை எண்கள்தான் கற்கள் என்று ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டுக் கலைந்துபோனது. காகிதத்திலேயே நட்ட கற்கள். அந்த ஊர் மனிதர் ஒருவர் தன் வீட்டு வாசலில் நின்று அந்த எண்களில் எதைக் கண்டுபிடிப்பார்? தீர்ப்பை முழுவதுமாக ஏற்கிறோம் என்று எத்தியோப்பியா சொல்வதற்கே 2018 ஆயிற்று.

இனி அந்த 'விசித்திர' எல்லைகளுக்கு வருகிறேன். பெல்ஜியமும் நெதர்லாந்தும் பின்னிக்கிடக்கும் பார்லே ஊரைப் பற்றி நீங்கள் எழுதாத வருடமே இல்லை, எழுதுங்கள், அது எழுத வேண்டிய ஊர்தான். ஆனால் ஏன் அப்படி ஆனது என்று ஒரு வரிகூட வருவதில்லை. 1198-இல் பிரபாண்ட் பிரபு தன் நிலத்தில் ஒரு பகுதியை பிரெடாவின் தலைவருக்குக் கொடுத்தார், ஒரு பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். துண்டு துண்டாக நடந்த சாதாரண நிலப் பங்கீடு. பல நூற்றாண்டு கழித்து அந்த இரண்டு பங்கும் இரண்டு நாடுகளாகப் போய்விட்டன. பெல்ஜியம் தனி நாடான பிறகு 1843-இல் எல்லை வகுக்க வந்தவர்கள், வரிசையாகக் கல் நட்டுக்கொண்டே வந்து, 214-ஆம் எண் கல்லோடு நின்றுவிட்டார்கள். பார்லேயைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் 215-ஆம் கல்லிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். நடுவில் கோடே இல்லை. அதற்குப் பதிலாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது இந்த நாடு, அது அந்த நாடு என்று பட்டியல் எழுதினார்கள். உலகத்தின் சிக்கலான எல்லை ஒரு பதிவேட்டில் இருந்தது, தரையில் இல்லை.

பதிவேட்டை நகல் எடுக்கும்போது என்ன ஆகும்? இரண்டு மனைகள், எண் 91, 92. பழைய ஊராட்சிக் குறிப்பில் நெதர்லாந்து என்று இருக்கிறது, ஒப்பந்தத்தோடு இணைத்த குறிப்பில் பெல்ஜியம் என்று இருக்கிறது. எழுத்தர் கைத்தவறு என்றது நெதர்லாந்து, தவறே இல்லை என்றது பெல்ஜியம். இரண்டு துண்டு வயலுக்காக வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1959-இல் 10-க்கு 4 என்று பெல்ஜியத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஊரின் எல்லை முழுவதும் அளந்து முடிய 1995 ஆயிற்று. பெல்ஜியத்தின் 22 துண்டுகள் நெதர்லாந்துக்குள், அவற்றுக்குள்ளேயே நெதர்லாந்தின் 7 துண்டுகள், அது தவிர பெல்ஜியத்தின் பெருநிலத்துக்குள் நெதர்லாந்தின் ஒரு துண்டு தனியாக.

இன்று அங்கே நடைபாதைக் கற்களில் வெள்ளைச் சிலுவைக் குறிகளை வரிசையாகப் பதித்து, ஒரு பக்கம் பெல்ஜியத்தின் எழுத்தும் மறுபக்கம் நெதர்லாந்தின் எழுத்துமாகப் போட்டிருக்கிறார்கள். வீட்டு எண் பலகையில் அந்தந்த நாட்டுக் கொடி. எல்லை வீட்டை அறுத்துக்கொண்டு போனால் முன்வாசல் எந்த நாட்டில் திறக்கிறதோ அந்த நாட்டு முகவரி. அதனால் வாசலை நாலடி நகர்த்தி நாட்டை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. 2020-இல் கொரோனா வந்தபோது ஒரே துணிக்கடையில் பெல்ஜியப் பாதியை நாடாக்கட்டி மூடிவிட்டு, நெதர்லாந்துப் பாதியில் வியாபாரம் நடந்தது. ஏன் இதெல்லாம் அடிதடி ஆகாமல் நடக்கிறது? ஒவ்வொரு அங்குலமும் யாருடையது என்று இப்போது தரையில் எழுதியிருக்கிறது, இரண்டு நகராட்சிகளும் பேசிக்கொள்கின்றன. வடிவம் கோணலாக இருப்பது பிரச்சினையே இல்லை என்று அந்த ஊர் காட்டுகிறது, இதைத்தான் நீங்கள் அந்தப் படத்துக்குக் கீழே போட வேண்டும் என்கிறேன்.

ஏனென்றால் அதே மாதிரிக் கோணல் வடிவம், இந்தியா, வங்கதேச எல்லையோரம் ஒருகாலத்தில் தனி அரசாக இருந்த கூச் பெஹாரில் மனிதர்களை என்ன பாடு படுத்தியது! வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111 திட்டுகள், இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51 திட்டுகள். தஹலா காக்ராபாரி என்று ஒரு துண்டு, கால்பந்து மைதானம் அளவுகூட இல்லாத ஒரு வயல், இந்திய நிலம், அதைச் சுற்றி வங்கதேச நிலம், அதைச் சுற்றி இந்திய நிலம், அதைச் சுற்றி வங்கதேசம். உங்கள் இணைப்பிதழில் இதற்குச் சொன்ன காரணம், கூச் பெஹார் ராஜாவும் பக்கத்து முகலாய அதிகாரியான பவுஜ்தாரும் சதுரங்கத்தில் ஊர்களைப் பணயம் வைத்து ஆடினார்கள் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வெறும் கட்டுக்கதை. முகலாயர்களுக்கும் கூச் பெஹாருக்கும் நடந்த போர்கள் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமாதானத்தில் முடிந்தபோது, யார் கையில் எந்த நிலம் இருந்ததோ அது அப்படியே தங்கிவிட்டது. 1947 வரை அதனால் யாருக்கும் பெரிய கஷ்டம் இல்லை, வரி யாருக்குக் கட்டுவது என்பதுதான் வித்தியாசம். சர்வதேச எல்லை குறுக்கே விழுந்த பிறகுதான் அந்தத் திட்டுகள் சிறையாயின. சொந்த நாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டுமானால் அடுத்த நாட்டைச் சட்டவிரோதமாகக் கடக்க வேண்டும். பள்ளிக்கூடம் இல்லை, போலீஸ் வராது, கரண்ட் கம்பி தலைக்கு மேலே போகும், வீட்டுக்குள் வராது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, பிரசவத்துக்கு மருத்துவமனையில் சேர்க்க, பக்கத்து ஊர்க்காரர் பெயரைத் தகப்பன் பெயராகவோ கணவன் பெயராகவோ கொடுக்க வேண்டிய கதி. 2011 கூட்டுக் கணக்கெடுப்பில் இப்படி 51,549 பேர் இருந்தார்கள். 1974-இலேயே மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டாயிற்று, நடந்தது 2015 ஜூலை 31 நள்ளிரவில். 41 வருடம்! பெரும்பாலானோர் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு நாட்டை மாற்றிக்கொண்டார்கள், ஆயிரத்துக்கும் குறைவானவர்களே வீட்டைக் காலி செய்துகொண்டு இந்தியாவுக்கு வந்தார்கள். இத்தனை பேர் வாழ்க்கையை ராஜா ஆடிய ஆட்டம் என்று ஒரு வரியில் எழுதி முடிப்பது எனக்குத் தாங்கவில்லை, மன்னிக்கவும்.

கல் நட முடியாத இடங்களுக்கும் மனிதர்கள் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், அதையும் நீங்கள் எழுதலாம். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே கடலில் மார்க்கெட் என்று ஒரு பாறைத் தீவு. 1885-இல் பின்லாந்துக்காரர்கள் கட்டிய கலங்கரை விளக்கம் ஸ்வீடன் பாதியில் அமைந்துவிட்டது. நூறு வருடம் கழித்து 1985-இல், கலங்கரை விளக்கம் பின்லாந்துக்குள் வரவேண்டும், இரண்டு நாட்டுக்கும் பரப்பளவு குறையக்கூடாது, கரையோரத்தில் மீன்பிடி உரிமையும் மாறக்கூடாது என்று மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டதில் எல்லை பாம்பு போல வளைந்து போயிற்று. அங்கே தூண் வைத்தால் பனிக்கட்டியும் அலையும் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் பாறையில் துளை போட்டு வைத்திருக்கிறார்கள், எல்லைக்கல்லுக்குப் பதில் எல்லைத்துளை. ஆல்ப்ஸ் மலையிலோ நிலமே நகர்கிறது. பனியாறு உருக உருக நீர் பிரியும் முகடு இடம் மாறுவதால், இத்தாலி 1994-இல் ஆஸ்திரியாவோடும் 2009-இல் சுவிட்சர்லாந்தோடும் எல்லையும் கூடவே நகரும் என்று ஒப்புக்கொண்டது. பிரான்ஸ், ஸ்பெயின் நடுவே பிரனீஸ் மலையில் 602 எண்ணிட்ட குறிகள், எல்லையோர ஊர்க்காரர்களே போய்ப் பார்த்து வர வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டு ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஜெர்மனிக்குள் பெல்ஜியத்துக்குச் சொந்தமாக ஒரு ரயில் பாதை மட்டும் ஓடியது, முதல் உலகப் போருக்குப் பிறகு வந்த ஏற்பாடு. ரயில் நின்றுபோய், தண்டவாளத்தைப் பெயர்த்து, இப்போது அது சைக்கிள் பாதை, ஆனாலும் அந்தச் சில மீட்டர் அகலம் இன்னும் பெல்ஜியம்தான், அதனாலேயே ஜெர்மனியின் சில துண்டுகள் மறுபக்கம் தனியாகக் கிடக்கின்றன.

பராமரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு கொரியாவைச் சொல்கிறேன். 1953 போர்நிறுத்தத்தில் இரண்டு கொரியாக்களுக்கும் நடுவே போட்ட கோட்டில் 1,292 மஞ்சள் பலகைகளை நட்டார்கள். தெற்கே பார்த்த முகத்தில் கொரியனும் ஆங்கிலமும், வடக்கே பார்த்த முகத்தில் கொரியனும் சீனமும். 1973-இல் பலகைகளைச் சரிசெய்யப் போனவர்கள் மேல் வடக்கிலிருந்து துப்பாக்கிச் சூடு நடந்தது, அதோடு அந்த வேலை நின்றுபோனது. அரை நூற்றாண்டாகப் பலகைகள் துருப்பிடித்து, சாய்ந்து, புதருக்குள் போய், வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய், இன்று பெரும்பாலானவை இல்லை. 2024-இல் வடகொரியச் சிப்பாய்கள் மண்வெட்டியும் கையுமாகக் கோட்டைத் தாண்டி வந்தார்கள், தென்கொரியா எச்சரிக்கைக்குச் சுட்டது, தெரியாமல் வந்திருப்பார்கள் என்று தென்கொரிய ராணுவமே சொன்னது. உலகத்திலேயே ஆயுதம் அதிகம் குவிந்த கோடுகளில் ஒன்று, அங்கே ஒரு சிப்பாய்க்குத் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று காட்ட ஒரு தகரப் பலகை இல்லை! அந்தச் செய்தி உங்கள் நாளிதழில் 'ஊடுருவல்' என்று வந்தது. பலகை பற்றி ஒரு சொல் இல்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிய வேலை எதுவும் இல்லை. எல்லை மோதல் என்று செய்தி வந்தால் உங்கள் நிருபரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மோதல் நடந்த இடத்தில் கோடு மட்டும் வகுத்திருக்கிறதா, கல்லும் நட்டிருக்கிறதா? நட்டிருந்தால் அந்தக் கல் இப்போது நிற்கிறதா? இரண்டுக்கும் பெரும்பாலும் பதில் கிடைக்கும், ஒப்பந்தங்களும் தீர்ப்புகளும் பொதுவெளியில்தான் இருக்கின்றன. வரைபடம் போடும்போது கல் நட்ட பகுதியை முழுக்கோடாகவும், நடாத பகுதியைப் புள்ளிக்கோடாகவும் போட்டு ஓரத்தில் விளக்கம் கொடுங்கள். இப்போது நீங்கள் எல்லாவற்றையும் ஒரே கனத்தில் போடுவதால், படிப்பவருக்கு எல்லா எல்லையும் ஒரே மாதிரி முடிந்துபோன விஷயமாகத் தெரிகிறது, தகராறு செய்பவர் எல்லோரும் அத்துமீறுபவராகத் தெரிகிறார்கள். இணைப்பிதழில் விசித்திர எல்லைகள் அடுத்த முறை வரும்போது, வடிவத்தின் படத்தோடு அங்கே நட்டிருக்கும் கல்லின் படமும் ஒன்று வரட்டும், எண்ணும் தலையில் இருக்கும் கீறலும் தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுத்த படமாக இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்